ஃபோட்டோரெக்: கோப்பு வரும், பெயர் வராது

அழிந்த கோப்புகளை மீட்கும் மென்பொருள்களில் எது நல்லது என்று கேட்டால், பார்க்கச் சகிக்காத ஒன்றைத்தான் சொல்வேன். ஃபோட்டோரெக். திறந்தால் ஒரு கறுப்புத் திரை, அதில் வெள்ளை எழுத்து. அம்புக்குறி விசைகளால் மேலும் கீழும் நகர்ந்து, என்டர் தட்டித் தட்டி உள்ளே போக வேண்டும். சுட்டியால் இயக்க விரும்புகிறவர்களுக்காக கியூஃபோட்டோரெக் என்ற இன்னொரு வடிவமும் அதே பொட்டலத்தில் இருக்கிறது. அதுவும் அழகுப் போட்டிக்கு அனுப்பக்கூடியதல்ல. கிறிஸ்டோஃப் கிரெனியே என்ற பிரெஞ்சு நிரலாளர் எழுதியது. ஜிபிஎல் உரிமம், அதாவது யாரும் இலவசமாகப் பயன்படுத்தலாம். டெஸ்ட்டிஸ்க் என்ற அவருடைய இன்னொரு கருவியோடு சேர்ந்து ஒரே ஜிப் கோப்பாக வருகிறது. நிறுவத் தேவையில்லை. ஒரு பென் டிரைவில் விரித்து வைத்து அங்கிருந்தே ஓட்டலாம்.

நிறுவத் தேவையில்லை என்பதைச் சாதாரண வசதியாக நினைக்க வேண்டாம். கோப்பு அழிந்த டிரைவிலேயே மீட்பு மென்பொருளைப் பதிவிறக்கி நிறுவுகிறவர்கள் உண்டு. அந்த நிறுவலே, மீட்க வேண்டிய கோப்பின் மேல் போய் உட்கார்ந்துவிடக்கூடும்.

எனக்குக் கும்பகோணத்தில் டிடிபி கடை. கல்யாணப் பத்திரிகை, குடமுழுக்கு அழைப்பிதழ், கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டி, ஆய்வேட்டுத் தட்டச்சு, கூடவே ஆதார் நகல். முகூர்த்த மாதத்தில் டி டிரைவ் நிறைந்துபோனது. ஒரு கல்யாண வீடியோவை ஏற்ற இடம் இல்லை என்று என் அண்ணன் மகன் பழைய வேலைகள் இருந்த ஃபோல்டர் முழுவதையும் ஷிஃப்டும் டெலிட்டும் சேர்த்து அழுத்தித் துடைத்துவிட்டான். ரீசைக்கிள் பின்னில் தேட வழியில்லை. “அத்தை, எல்லாம் பழசுதானே?” என்றான். அந்தப் பழசுக்குள்தான் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் பல வருடமாக எழுதிக்கொண்டிருந்த ஊர்க் கோயில் தல வரலாறு இருந்தது. அழித்ததோடு நிறுத்தியிருந்தாலும் பரவாயில்லை. வீடியோவையும் பாதிவரை ஏற்றிவிட்டிருந்தான்.

முதலில் ஓட்டியது ரெக்கூவா. பிரிஃபார்ம் நிறுவனத்தின் தயாரிப்பு. 2017-இல் அந்த நிறுவனத்தை அவாஸ்ட் வாங்கியது. இலவசப் பதிப்பே என்னைப் போன்றவர்களுக்குப் போதும். நிறுவாமல் ஓட்டும் வடிவமும் இருக்கிறது. ரெக்கூவாவின் பெரிய பலம், கோப்பின் பெயரையும் அது இருந்த ஃபோல்டரையும் சேர்த்தே காட்டுவது. தமிழில் வைத்த பெயர்கள்கூட எழுத்துப் பிசகாமல் வந்தன. ஒவ்வொன்றுக்கும் முன்னால் ஒரு வண்ணப் புள்ளி. பச்சை என்றால் மீளும், ஆரஞ்சு என்றால் சந்தேகம், சிவப்பு என்றால் நம்பிக்கை வைக்க வேண்டாம். சிவப்புக் கோப்புகளுக்கு எதிரே, இதன் மேல் எந்தக் கோப்பு எழுதப்பட்டிருக்கிறது என்று பெயரோடு ஒரு குறிப்பும் போடுகிறது. வரிசையாக அந்தக் கல்யாண வீடியோவின் பெயர்! அண்ணன் மகனைக் கூப்பிட்டு அந்தப் பட்டியலைக் காட்டினேன். நான் வாய் திறக்க வேண்டியிருக்கவில்லை.

பச்சைப் புள்ளி கோப்புகளில் பெரும்பாலானவை திறந்தன. ஆனால் தல வரலாறு பட்டியலிலேயே இல்லை. சிவப்பாகக்கூட இல்லை. ஏன் என்று புரிந்துகொள்ள, அழிப்பது என்றால் கணினி என்ன செய்கிறது என்று கொஞ்சம் பார்க்க வேண்டும்.

டிஸ்க்கில் கோப்புகளை ஒழுங்குபடுத்தி வைக்க விண்டோஸ் கையாளும் என்டிஎஃப்எஸ் முறையில் ஒவ்வொரு கோப்புக்கும் மாஸ்டர் ஃபைல் டேபிள் என்ற பதிவேட்டில் ஒரு பதிவு இருக்கும். வழக்கமாக 1,024 பைட். பெயர், தேதி, டிஸ்க்கில் எந்தெந்தக் கட்டங்களில் தரவு கிடக்கிறது என்பதெல்லாம் அதில் இருக்கும். டெலிட் அழுத்தினால், அந்தப் பதிவு இனி பயன்பாட்டில் இல்லை என்று ஒரு குறி போடப்படுகிறது, கட்டங்கள் காலி என்று அறிவிக்கப்படுகின்றன, அவ்வளவுதான். சிட்டாவில் பெயரை அடித்துவிட்டால் நிலம் எங்கே போய்விடும்? அதே இடத்தில்தான் கிடக்கும். ரெக்கூவா அடித்த சிட்டாவைப் படித்து நிலத்தைக் கண்டுபிடிக்கிறது. அந்தச் சிட்டாப் பக்கத்தையே வேறு யாருக்காவது எழுதிக் கொடுத்துவிட்டால், நிலம் சும்மா கிடந்தாலும் யாருடையது என்று சொல்ல ஆளில்லை. புதிதாக ஒரு கோப்பு உருவாகும்போது காலியான பதிவுகளைத்தான் விண்டோஸ் முதலில் எடுத்துக்கொள்ளும். தல வரலாற்றின் பதிவுக்கு நேர்ந்தது அதுதான். ரெக்கூவாவிலும் ஆழத் தேடல் என்று ஒரு வசதி உண்டு. அதையும் ஓட்டிப் பார்த்தேன், நான் தேடியது வரவில்லை.

ஃபோட்டோரெக் சிட்டாவைப் பார்ப்பதே இல்லை. நேரே வயலில் இறங்கிவிடுகிறது. டிஸ்க்கின் முதல் கட்டத்திலிருந்து கடைசிக் கட்டம் வரை படித்துக்கொண்டே போய், தெரிந்த கோப்பு வகைகளின் தொடக்கக் குறிகளைத் தேடுகிறது. ஜேபெக் படம் என்றால் முதல் மூன்று பைட்டுகள் 255, 216, 255. பிடிஎஃப் என்றால் ஒரு சதவீதக் குறியும் அந்த மூன்று எழுத்துகளும். ஃபோட்டோஷாப் கோப்பு 8 என்ற எண்ணில் தொடங்கும், பின்னால் பிபிஎஸ். இன்றைய வேர்ட் கோப்பு உள்ளுக்குள் ஒரு ஜிப் என்பதால், ஜிப் முறையை உருவாக்கிய பில் கட்ஸின் முதலெழுத்துகளான பி, கே என்ற இரண்டில் தொடங்கும். இப்படி 480-க்கும் மேற்பட்ட கோப்பு நீட்டிப்புகளை அதற்கு அடையாளம் தெரியும். டிஸ்க் ஃபார்மட் செய்யப்பட்டிருந்தாலும், கோப்பு அமைப்பே சிதைந்திருந்தாலும் அதற்குக் கவலை இல்லை. மூல டிஸ்க்கில் ஒரு பைட்கூட எழுதாது, படிக்க மட்டுமே செய்யும்.

அதற்கான விலையும் உண்டு. பெயர் சிட்டாவில்தானே இருந்தது? ஆகவே பெயர் வராது. ஃபோல்டரும் வராது. ‘ரெகப் டிர்’ என்ற பெயரில் 1, 2, 3 என்று ஃபோல்டர்களைத் தானே உருவாக்கி, ஒவ்வொன்றிலும் 500 கோப்புகளாகக் கொட்டுகிறது. கோப்பின் பெயர் ‘எஃப்’ என்ற எழுத்தும் ஒரு நீண்ட எண்ணும். உள்ளே தலைப்பு பதிந்திருக்கும் வேர்ட், பிடிஎஃப் கோப்புகளுக்கு அந்தத் தலைப்பைப் பெயரோடு ஒட்டிக் கொடுக்க முயல்கிறது. ஆனால் டிடிபி கடையில் யார் கோப்புக்குள் தலைப்பு எழுதி வைக்கிறார்கள்?

ஓட்டும் முறை எளிதுதான். நிர்வாகி உரிமையோடு திறந்து, டிஸ்க்கைத் தேர்ந்தெடுத்து, பிரிவைத் தேர்ந்தெடுக்க வேண்டும். கோப்பு அமைப்பு லினக்ஸின் எக்ஸ்ட் வகையா, மற்றதா என்று கேட்கும். விண்டோஸ்காரர்களுக்கு மற்றது. காலி இடத்தை மட்டும் தேடவா, முழு டிஸ்க்கையும் தேடவா என்று கேட்கும். அழிந்ததை மட்டும் தேடுகிறவர்களுக்குக் காலி இடம் போதும். கடைசியில், மீட்டதை எங்கே போட என்று கேட்கும்போது வேறொரு டிஸ்க்கைக் காட்ட வேண்டும். அதே டிஸ்க்கைக் காட்டினால் மீட்கிற கோப்பே மீட்க வேண்டிய கோப்பை அழிக்கும்.

இதையெல்லாம் விட முக்கியமான ஒரு படி இருக்கிறது. அவசரத்தில் அதைத்தான் தாண்டிப் போவார்கள். தொடங்கும் முன் கோப்பு வகைகள் என்ற பகுதிக்குள் போய், எல்லா வகைகளின் தேர்வையும் எடுத்துவிட்டு, வேண்டியதை மட்டும் குறியிட வேண்டும். எனக்கு வேர்ட், பிடிஎஃப், கோரல்டிரா, ஃபோட்டோஷாப், ஜேபெக் போதும். வெறும் எழுத்துக் கோப்பு வகையை விட்டுவைத்தால் இணைய உலாவியின் குப்பையெல்லாம் ஆயிரக்கணக்கில் வந்து குவியும்.

ஒரு டெராபைட் டிஸ்க்கைப் படிக்க மணிக்கணக்கில் ஆகும். இரவில் ஓடவிட்டுப் போனேன். எங்கள் பகுதியில் மின்சாரம் சொல்லிக்கொண்டு போவதில்லை. யுபிஎஸ் கொஞ்ச நேரம் தாங்கி அணைந்துவிட்டது. காலையில் திறந்தபோது, முன்பு விட்ட இடத்திலிருந்து தொடரவா என்று ஃபோட்டோரெக் கேட்டது. ஓடும்போதே நிலையை ஒரு சிறு கோப்பில் குறித்துக்கொண்டே போகிறது. இவ்வளவு கரடுமுரடான கருவிக்குள் இப்படி ஒரு யோசனை இருக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. அந்தக் கிரெனியேவின் ஊரிலும் மின்வெட்டு உண்டோ என்னவோ.

வேலை அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. ஆயிரக்கணக்கான பெயரில்லாக் கோப்புகளுக்குள் ஒரு தல வரலாற்றைத் தேட வேண்டும். யூனிகோடில் தட்டச்சு செய்திருந்தால் விண்டோஸ் தேடலில் ஊர்ப்பெயரைத் தமிழிலேயே அடித்து, கோப்புகளின் உள்ளே தேடச் சொல்லலாம். எங்கள் வேலையில் பாதி பாமினி என்ற பழைய எழுத்துருவில் கிடக்கிறது. பாமினியில் திரையில் தெரிவது தமிழ், கோப்புக்குள் இருப்பது ஆங்கில எழுத்து. ‘வரலாறு’ என்று தேட வேண்டுமானால் டி, யு, ஒய், எச், கடைசியில் பெரிய டபிள்யூ என்று அடிக்க வேண்டும். விரல் பழகியவர்களுக்குத் தொல்லை இல்லை. ஆங்கிலப் பலகையில் விரல் தமிழாக ஓடும், திரையில் ஏதோ மந்திரம் போலத் தெரியும், தேடல் போய் எடுத்துவரும். விலை கொடுத்து வாங்கும் எந்த மீட்பு மென்பொருளிலும் இதற்கென்று பொத்தான் நான் பார்த்ததில்லை.

இன்னொரு வழியும் கையோடு பிடிபட்டது. ‘எஃப்’புக்குப் பின்னால் இருக்கும் அந்த எண் சும்மா போட்டதல்ல, கோப்பு டிஸ்க்கில் கிடந்த இடத்தின் எண். ஒரே நாளில் சேர்ந்து ஏற்றிய கோப்புகள் டிஸ்க்கிலும் அருகருகே இருப்பது வழக்கம். ஆகவே தெரிந்த ஒரு கோப்பு கிடைத்துவிட்டால், பெயர்வரிசையில் அதற்கு முன்னும் பின்னும் பார்த்தால் அதன் கூட்டாளிகள் நிற்பார்கள். கோயில் கோபுரத்தின் படம் ஒன்று அகப்பட்டது. அதை ஒட்டியே கல்வெட்டுப் படங்கள் எல்லாம் இருந்தன. கேமராவில் எடுத்த படங்களுக்கு, எடுத்த தேதியைப் படத்துக்குள்ளிருந்தே எடுத்துக் கோப்பின் தேதியாகப் போட்டுக் கொடுக்கிறது ஃபோட்டோரெக். படங்களைப் பிரிப்பது அதனால் பாதி வேலையானது.

தல வரலாறு கிடைத்தது. ஒன்றல்ல, பல. வேர்ட் ஒவ்வொரு முறை சேமிக்கும்போதும் புதுக் கோப்பை எழுதிவிட்டுப் பழையதைத் தள்ளிவிடும் பழக்கம் உடையது. தள்ளிவிட்ட பழையவை எல்லாம் காலி இடத்தில் கிடந்திருக்கின்றன. ஆசிரியரை வரவழைத்து உட்காரவைத்து ஒவ்வொன்றாகத் திறந்து காட்டினேன். கடைசிப் பதிப்பைப் பார்த்துத் தலையாட்டினார். அதற்கு முந்தைய ஒன்றைத் திறந்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“அம்மா, தேர்த் திருவிழாப் பகுதியை நான் நீக்கச் சொன்னேனே, அது இதில் அப்படியே இருக்கிறதே!”

“நீக்கினது நீங்கள்தானே சார்?”

“நீக்கியது தப்பு என்று அப்புறம்தான் தெரிந்தது. மறுபடி எழுத உட்கார்ந்தேன், வரவில்லை. இதையே போட்டுவிடுங்கள்.”

அண்ணன் மகன் பின்னால் நின்று இதைக் கேட்டுக்கொண்டிருந்தான். தன்னால்தான் அந்தப் பகுதி கிடைத்தது என்று அன்று மாலையே பேச ஆரம்பித்துவிட்டான்.

மகிழ்ச்சிக்கு நடுவே ஒன்று என்னை உலுக்கியது. மீண்டுவந்த ஜேபெக் படங்களில் கணிசமானவை வாடிக்கையாளர்களின் ஆதார் அட்டை, குடும்ப அட்டை, வங்கிப் புத்தகத்தின் முதல் பக்கம். நகல் எடுத்தவுடன் அழித்துவிடுவது எங்கள் கடை வழக்கம். அழித்தோம், ஆனால் எல்லாம் இருந்திருக்கின்றன. இதே போன்ற ஒரு டிஸ்க்கை முன்பு கணினி மாற்றியபோது பழைய சாமான் விலைக்குக் கொடுத்தவர்கள் நம் ஊரில் எத்தனை பேர்! எந்தச் சிறுவனும் இந்த இலவசக் கருவியை ஓட்டி அத்தனையையும் எடுக்கலாம். விண்டோஸிலேயே சைஃபர் என்ற கட்டளை இருக்கிறது. அதோடு சாய்கோடு, டபிள்யூ என்ற எழுத்து, முக்காற்புள்ளி, டிரைவின் பெயர் சேர்த்துக் கொடுத்தால் காலி இடம் முழுவதையும் மேலெழுதித் துடைக்கும். இருக்கும் கோப்புகளைத் தொடாது. மீட்க வேண்டியதை எல்லாம் மீட்டு, இரண்டு இடத்தில் நகலெடுத்த பிறகு அதை ஓட்டினேன். ஓட்டிவிட்டு ஃபோட்டோரெக்கை மறுபடி அனுப்பிப் பார்த்தேன். பழைய ஆதார் ஒன்றும் வரவில்லை. மீட்புக் கருவியைத் துப்புரவுச் சோதனைக்கும் வைத்துக்கொள்ளலாம் என்பது நான் விளம்பரத்தில் படித்த செய்தி அல்ல.

இதுவரை சொன்னதெல்லாம் டி டிரைவின் கதை. அது சுழலும் தட்டுள்ள பழைய ஹார்டு டிஸ்க். சி டிரைவ் எஸ்எஸ்டி, அதாவது தட்டு இல்லாமல் சில்லுகளில் தரவை வைக்கும் வகை. அதன் டெஸ்க்டாப்பில் இருந்த ஒரு ஆய்வேட்டு இயலையும் அந்தத் துடைப்பில் அண்ணன் மகன் விட்டுவைக்கவில்லை. அங்கே எந்தக் கருவியாலும் ஒன்றும் நடக்கவில்லை. காரணம் டிரிம் என்ற கட்டளை. விண்டோஸ் 7 காலத்திலிருந்தே, கோப்பை அழித்தவுடன் இந்தக் கட்டங்கள் இனி வேண்டாம் என்று எஸ்எஸ்டிக்குத் தகவல் போய்விடுகிறது. அதன்பின் அந்த இடத்தைப் படிக்கக் கேட்டால் பெரும்பாலான எஸ்எஸ்டிகள் வெறும் பூஜ்யங்களைத்தான் தரும். பதிவேட்டில் பெயர் மிச்சம் இருக்கலாம், புள்ளி பச்சையாகவும் இருக்கலாம். பச்சை என்பது மேலே வேறு கோப்பு எழுதப்படவில்லை என்று மட்டும்தான் சொல்கிறது. மீட்ட கோப்பின் அளவு சரியாக இருக்கும், உள்ளே ஒன்றும் இருக்காது. அந்த இயலைக் கடைசியில் அந்த மாணவியின் வாட்ஸ்அப்பிலிருந்து பிடிஎஃப்பாக எடுத்துத் திரும்பத் தட்டச்சு செய்தோம். கூலி வாங்கவில்லை.

ஆகவே எந்த மென்பொருள் என்று கேட்பதற்கு முன், எந்த வகை டிரைவ் என்று பார்த்துக்கொள்ளுங்கள். எஸ்எஸ்டியில் அழிந்ததை மீட்டுத் தருகிறோம் என்று பணம் கேட்கும் விளம்பரங்களைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது. பொதுவாகவே, காசுக்கு விற்கும் மீட்பு மென்பொருள்களில் பல ஒரே மாதிரி நடந்துகொள்கின்றன. தேடுவது இலவசம். கிடைத்ததைச் சிறு படமாகக் காட்டுவதும் இலவசம். சேமிக்கும் பொத்தானை அழுத்தியதும் விலைப்பட்டியல் வரும். பதற்றத்தில் இருக்கிறவர்கள் அட்டை எண்ணை அடித்துவிடுவார்கள். அந்த முன்பார்வை வசதி ஃபோட்டோரெக்கில் இல்லை என்பது குறைதான், மறுக்கவில்லை. எது வரும் என்று முன்கூட்டியே தெரியாது.

மைக்ரோசாஃப்ட்டே 2020-இல் விண்டோஸ் ஃபைல் ரெகவரி என்று ஒன்றை இலவசமாக வெளியிட்டது. விண்டோஸ் 10-இன் 2004 என்ற எண்ணுள்ள பதிப்போ (அது ஆண்டு அல்ல) அதற்குப் பிந்தையதோ வேண்டும். கட்டளை தட்டச்சு செய்துதான் இயக்க வேண்டும், படமும் இல்லை பொத்தானும் இல்லை. வின்எஃப்ஆர் என்று அடித்து, எங்கிருந்து, எங்கே, எந்த முறையில், எந்தப் பெயர் என்று வரிசையாகச் சொல்ல வேண்டும். சாதாரண முறை, விரிவான முறை என இரண்டு உண்டு. கட்டளை பழகியவர்களுக்கு நல்ல கருவி. மாவட்ட அலுவலகத்தில் கோப்பைத் தொலைத்துவிட்டுத் தொலைபேசியில் அழும் ஒருவருக்கு அதை எப்படிச் சொல்லிக் கொடுப்பது?

டிஸ்க்கிலிருந்து டக் டக் என்று சத்தம் வந்தால் மேலே சொன்ன எதையும் ஓட்ட வேண்டாம். அது கோப்பு அழிந்த சிக்கல் அல்ல, கருவியே சாகிற சிக்கல். படிக்கப் படிக்கக் கெடும். மின்சாரத்தை நிறுத்திவிட்டு, தூசி புகாத அறையில் டிஸ்க்கைத் திறந்து வேலை செய்யும் இடத்துக்குக் கொண்டு போக வேண்டும். செலவு கையைக் கடிக்கும். சத்தமில்லாமல் அங்கங்கே படிக்க முடியாமல் தடுமாறும் டிஸ்க் என்றால், லினக்ஸில் டிடிரெஸ்க்யூ என்ற கருவியால் முதலில் அதன் முழுப் பிம்பத்தை, அதாவது அச்சு அசலான நகலை, இன்னொரு டிஸ்க்கில் எடுத்துக்கொண்டு, அந்தப் பிம்பத்தின் மேல் ஃபோட்டோரெக்கை ஓட்டலாம். அதை அது ஏற்றுக்கொள்கிறது.

ஃபோட்டோரெக் பிறந்தது கேமரா அட்டைகளுக்காக, பெயரே சொல்கிறது. அங்கே அதன் கை இன்னும் ஓங்கியிருக்கிறது. கேமராவில் அழித்தால் டிரிம் போன்ற தொல்லை வழக்கமாக இல்லை, படங்களும் பெரும்பாலும் துண்டுபடாமல் வரிசையாகக் கிடக்கும். இப்போது பக்கத்து ஸ்டுடியோக்காரர்கள் மெமரி கார்டோடு கடைக்கு வருகிறார்கள். படம் என்றால் தைரியமாக வாங்கிக்கொள்கிறேன். வீடியோ என்றால் யோசனைதான். நீளமான வீடியோ கார்டில் பல துண்டுகளாகச் சிதறிக் கிடக்கலாம். பதிவேட்டைப் பார்க்காத ஃபோட்டோரெக்குக்கு அடுத்த துண்டு எங்கே என்று தெரியாது. முதல் சில நொடிகள் ஓடி நின்றுவிடும், அல்லது திறக்கவே திறக்காது. தாலி கட்டும் காட்சிக்கு உறுதி தர முடியாது என்று முதலிலேயே சொல்லிவிட்டுத்தான் கார்டைக் கையில் வாங்குகிறேன்.